கடை திறப்பாரும் கடை மூடுவாரும்

சென்னைப் பட்டணம் மேற்குத் திசையில் வெகு வேகமாக வளர்ந்து வருகிறது. பூந்தமல்லி, குமணன்சாவடி, மாங்காடு, குன்றத்தூர் முதலிய ஊர்களில் முன்பு வயலும் தோப்புமாயிருந்த இடங்களில் அடுக்கு வீடுகள் எழும்பி நிற்கின்றன. காஞ்சிபுரம் ஜில்லாவில் பேரூராட்சியாயிருந்த மாங்காடு 2021-ம் வருஷத்தில் நகராட்சியாக உயர்த்தப்பட்டது. வீடுகள் பெருகும் இடத்தில் கடைகளும் பெருகுதல் இயல்பே. குமணன்சாவடியிலிருந்து மாங்காட்டின் வழியே குன்றத்தூருக்குச் செல்லும் சாலையில் போகிறவர்கள், வாழைமரம் கட்டிய புதுக் கடை வாசலை அடிக்கடி காணலாம். ஒலிபெருக்கி முழங்குகிறது, பூசணிக்காய் உடைபடுகிறது, ஊர்ப் பெரியவர்கள் வந்து நாடாவை வெட்டி, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இவையாவும் மகிழ்ச்சிக்குரியனவே.

ஆனால், கடை திறக்கும் நாளில் கூடிய கூட்டத்தில் ஒருவரேனும் அது மூடப்படும் நாளில் வந்து எட்டிப் பார்ப்பதில்லை. இரவோடிரவாகச் சாமான்கள் வண்டியேறுகின்றன. மறுநாட் காலையில் இரும்புக் கதவின்மேல் "வாடகைக்கு விடப்படும்" என்ற சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. சில மாதங்களில் அதே கதவின்மேல் வேறொரு பெயர்ப்பலகை ஏறுகிறது. மறுபடியும் வாழைமரம், மறுபடியும் பூசணிக்காய். பிரியாணிக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. செல்போன் கடை இருந்த இடத்தில் ரொட்டிக் கடை. ஊரார் இதை வேடிக்கையாகப் பேசுகிறார்கள். "கடைக்காரனுக்குச் சாமர்த்தியம் போதாது" என்பார் சிலர். "அந்த இடம் ராசியில்லாதது" என்பார் வேறு சிலர். இவ்விரண்டு தீர்ப்புகளையும் நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. வளர்ந்து வரும் ஊரில் பல கடைகளை மூடச் செய்வது ராசியுமன்று, சாமர்த்தியக் குறைவுமன்று. வாடிக்கைக்காரர் வருவதற்கு முன்னரே வந்து நிற்கும் வாடகைதான் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

இது எவ்வாறு நிகழ்கிறதென்பதைச் சிறிது விளக்குவோம். கலங்கரை விளக்கத்திலிருந்து போரூர், குமணன்சாவடி வழியாகப் பூந்தமல்லிக்கு மெட்ரோ ரயில் பாதை வகுக்கப்பட்டது. பாதை வருகிறதென்ற செய்தி பரவிய மாத்திரத்திலேயே சுற்றிலுமுள்ள நிலத்தின் விலை ஏறுகிறது. நிலத்தின் விலை ஏறினால், அதன்மேல் நிற்கும் கடையின் வாடகையும் ஏறுகிறது. ரயிலோ பல வருஷங்கள் கழித்தே வரும். அடுக்கு வீடுகளிலும் அவ்வாறே. கட்டிடம் எழும்பினவுடன் குடும்பங்கள் வந்துவிடுவதில்லை. வருகிறவர்களும் பல காலம் தங்கள் பழைய பேட்டையிலேயே ஜவுளியும் நகையும் வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஆகவே நாளைய ஜனத்தொகைக்கு இன்றே வாடகை கொடுக்கிறவன் கடைக்காரன். முதலில் வந்தவன் முதலை இழந்து போகிறான். அவன் பழக்கிவிட்டுப்போன கடைத்தெருவில் மூன்றாவதாக வந்தவன் பிழைக்கிறான். இதில் யாருடைய சாமர்த்தியத்தைப் புகழ்வது? யாருடைய ராசியைக் குறை கூறுவது?

கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை தெளிவாகும். ஒரு சிறு மளிகைக் கடைக்கு மாத வாடகை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உதவியாள் ஒருவருக்குச் சம்பளம் 12,000, மின்சாரத்துக்கு 5,000. ஆக மாதச் செலவு 37,000 ரூபாய். விற்பனையில் நூற்றுக்குப் பத்து ரூபாய் ஆதாயம் நிற்குமாயின், இச்செலவை ஈடு செய்வதற்கு மட்டும் மாதம் 3,70,000 ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும். அதாவது நாள் ஒன்றுக்கு 12,300 ரூபாய்க்கு மேல். ஆளுக்கு 150 ரூபாய்க்குச் சாமான் வாங்குவார்களென்றால், நாள்தோறும் 82 பேருக்குக் குறையாமல் கடையேற வேண்டும். இதில் கடைக்காரனுடைய வீட்டுச் செலவு சேரவில்லை. வாங்கிய கடனுக்கு வட்டி சேரவில்லை. அடுத்த வருஷம் வாடகையை 25,000 ரூபாயாக உயர்த்தினால், நாள்தோறும் 93 பேர் வேண்டும். வாடகையில் ஐயாயிரம் ஏற்றுவது கட்டிடச் சொந்தக்காரருக்கு ஒரு நிமிஷத்துப் பேச்சு. நாள்தோறும் பதினொரு புதிய வாடிக்கைக்காரர்களைத் தேடுவது கடைக்காரனுக்குப் பல மாதத்து உழைப்பு.

முன்பணத்தின் கொடுமை இதற்கு மேற்பட்டது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையில் நெடுநாளைய வழக்கம். மேற்கண்ட கடைக்கு அது 2,00,000 ரூபாயாகும். மனைவியின் நகையை அடகு வைத்தோ, சொந்த ஊரில் உள்ள காணியை விற்றோ கொண்டுவந்த முதலில் பெரும்பகுதி, சரக்காக மாறாமலே சொந்தக்காரரிடம் போய்ச் சேர்கிறது. சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 2017-ம் வருஷத்தில் சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகிய இரு திறத்தாரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2019-ம் வருஷத்தில் அமுலுக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்பது அதன் விதி. ஆயினும் இரு திறத்தாரும் வேறு விதமாக உடன்படிக்கை செய்துகொண்டால் அவ்விதி விலகிக்கொள்கிறது. இடம் வேண்டி நிற்பவன் எந்த உடன்படிக்கைக்குத்தான் கையெழுத்திட மறுப்பான்? முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதையாகவன்றோ இது இருக்கிறது!

நிற்க. பெரிய முதலோடு வந்தால் கடை நிலைக்குமென்று சிலர் எண்ணக்கூடும். அவர்கள் சுபிக்ஷாவின் சரித்திரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1997-ம் வருஷத்தில் சென்னையில் தொடங்கிய அந்த நிறுவனம், சுமார் பத்து வருஷங்களில் தேசமெங்கும் ஏறக்குறைய 1,600 கடைகளைத் திறந்தது. குறைந்த விலைக்குச் சாமான் கிடைக்கிறதென்று ஜனங்கள் திரண்டு சென்றார்கள். கடன் வாங்கிக் கடை திறப்பதும், திறந்த கடையைக் காட்டி மறுபடி கடன் வாங்குவதுமாகச் சென்ற வேகம், உலகமெங்கும் பணமுடை உண்டான 2008-ம் வருஷத்தில் தடைப்பட்டது. 2009-ம் வருஷத் தொடக்கத்தில் கடைகள் வரிசையாக மூடிக் கிடந்தன. சரக்குக் கொடுத்தவர்களுக்கும், இடம் கொடுத்தவர்களுக்கும், வேலை செய்தவர்களுக்கும் பாக்கி நின்றது. ஆகவே சிறு முதலைத் தின்பது வாடகையென்றால், பெருமுதலைத் தின்பது வேகம். இரண்டிலும் நோய் ஒன்றே: வரப்போகும் வாடிக்கையை வந்துவிட்ட வாடிக்கையாகக் கணக்கெழுதுவது.

இதற்கு எதிரான உதாரணமும் நமது பட்டணத்திலேயே இருக்கிறது. 1904-ம் வருஷத்தில் திருவல்லிக்கேணியில் சில நடுத்தரக் குடும்பத்தார் கூடி ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையை ஏற்படுத்தினார்கள். அவ்வருஷத்தில் இயற்றப்பட்ட கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மாத்திரமே இடமளித்தது. பண்டகசாலை போன்ற பிற சங்கங்களுக்கு இடம் கிடைத்தது 1912-ம் வருஷத்துச் சட்டத்தினால்தான். சட்டம் வருமுன்னரே காரியத்தைத் தொடங்கிய பெருமை திருவல்லிக்கேணியாருக்கு உரியது. இரண்டு உலக யுத்தங்களையும், பஞ்சங்களையும், பங்கீட்டுக் காலத்தையும் கடந்து அச்சங்கம் நூறு பிராயத்தைத் தாண்டி நின்றது. வாங்குகிறவனே சொந்தக்காரனாயிருந்தமையால், அது தேவைக்கு முன்னே ஓடவில்லை, தேவையோடு நடந்தது. 1906-ம் வருஷத்தில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற வெள்ளைக்கார வியாபார ஸ்தாபனம் முறிந்து, சென்னை ஜனங்களின் சேமிப்பை விழுங்கியபோது, நம்மவர் கையைப் பிசைந்துகொண்டு உட்காரவில்லை. மறு வருஷமே இந்தியன் பாங்கைத் தொடங்கினார்கள். ஒரு கதவு மூடப்படும்போது அதன் காரணத்தை ஆராய்ந்து, அக்காரணம் மறுபடி நேராதபடி ஏற்பாடு செய்வதே சுதேசியம். வெறுமனே வேறொரு பெயர்ப்பலகையை மாட்டுவது சுதேசியமாகாது.

நம்மை மறுத்துச் சிலர் கூறுவது நமக்குத் தெரியும். "வியாபாரமென்றால் வெற்றியும் தோல்வியும் உண்டு. பெரிய கடையில் விலை குறைவு. செல்போனில் கேட்டால் சாமான் வீட்டு வாசலுக்கு வந்து விடுகிறது. வாங்குகிறவனுக்கு எது நன்மையோ அதுதானே முக்கியம்?" என்கிறார்கள். வாங்குகிறவனும் ஏழையே, ஆகையால் இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் மாதக் கடைசியில் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுப்பவன் தெருமுனைக் கடைக்காரனே. 2020-ம் வருஷம் மே மாதத்தில் கொரோனா நோயினால் கோயம்பேட்டுச் சந்தை மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் பூந்தமல்லிக்கு அருகே திருமழிசைக்கு மாற்றப்பட்டு, செப்டம்பரில்தான் திரும்பிற்று. அவ்விடைக்காலத்தில் எங்கெங்கோ சென்று சரக்குப் பிடித்து வந்து தெருவாருக்கு விற்றவர்கள் யாரென்பதை இவ்வளவு சீக்கிரத்தில் மறந்துவிடலாமா? தெருமுனைக் கடைகளெல்லாம் ஓய்ந்த பின்னர், எஞ்சி நிற்கும் இரண்டொரு பெரிய கம்பெனிகள் இன்றைய விலைக்கே விற்குமென்பதற்கு என்ன ஜாமீன் இருக்கிறது?

கடைக்காரர்கள் பக்கத்திலும் குற்றம் இல்லாமலில்லை. ஒரு தேநீர்க் கடை நன்றாக நடந்தால், அதன் எதிரே நான்கு தேநீர்க் கடைகள் முளைக்கின்றன. ஐந்தும் சேர்ந்து மெலிகின்றன. கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒரே பெட்டியில் போட்டு எடுப்பவர் பலர். வேலையாட்களை நாளெல்லாம் நிற்க வைக்கும் வழக்கத்தைக் கைவிட மனமில்லாதவரும் உண்டு. கடை ஊழியருக்கு ஆசனம் அளித்தே தீரவேண்டுமென்று 2021-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. கடை மூடப்படும்போது முதலில் வயிற்றிலடிபடுகிறவர்கள் இவ்வூழியர்களே. கடைக்காரனுடைய முறையீட்டுக்காவது சங்கங்கள் இருக்கின்றன. பொட்டலம் கட்டும் பெண்ணின் முறையீட்டை எழுதுவோர் யார்?

மாங்காட்டில் காமாட்சியம்மன் சந்நிதியைச் சுற்றிலும் எலுமிச்சம்பழமும் பூவும் மஞ்சளும் குங்குமமும் விற்போரை எல்லோரும் அறிவார்கள். ஆறு வாரம் தவறாமல் எலுமிச்சம்பழத்தோடு வந்து வழிபடுவது இத்தலத்து வழக்கம். ஆகவே முதல் வாரம் வந்தவர் மறு வாரமும் வருவாரென்று பழம் விற்பவருக்கு நிச்சயமாகத் தெரியும். கடை சிறிது; ஆனால் வாடிக்கை நிச்சயம். பெரிய கட்டிடத்தில் கண்ணாடிக் கதவு போட்டவருக்கு இல்லாத உறுதி, கூடை வைத்திருப்பவருக்கு இருக்கிறது. இத்தகைய தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்து அவர்களுக்கு இடம் வகுக்க வேண்டுமென்று 2014-ம் வருஷத்து மத்திய சட்டம் கூறுகிறது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் இருக்கவேண்டுமென்பதும் அச்சட்டத்தின் விதி. ஊர் அழகுபடுகிறதென்ற பெயரால் இவர்களைத் துரத்துவது, நிலையான வியாபாரத்தை அழித்து நிலையில்லாத வியாபாரத்துக்கு இடங்கொடுப்பதாகும்.

செய்யவேண்டியவை யாவை? முதலாவது, மாங்காடு முதலிய நகராட்சிகள் ஒவ்வொரு வருஷமும் எத்தனை கடைகள் புதிதாக உரிமம் பெற்றன, எத்தனை கடைகள் உரிமத்தைப் புதுப்பிக்காமல் மறைந்தன என்பதை வார்டு வாரியாக வெளியிட வேண்டும். கடை வைக்க நினைப்பவன் அதைப் பார்த்துத் தன் முதலைப் போடட்டும். இரண்டாவது, மூன்று மாத முன்பண விதியிலுள்ள விலக்கை, சிறு கடைகளின் விஷயத்திலேனும் சர்க்கார் நீக்க வேண்டும். மூன்றாவது, பதினோரு மாத ஒப்பந்தம் என்ற வழக்கம் ஒழிந்து, மூன்று வருஷத்துக்குக் குறையாத ஒப்பந்தமும், முன்கூட்டியே நிர்ணயித்த உயர்வும் வழக்கத்துக்கு வரவேண்டும். கடை காலியாய்க் கிடந்தால் சொந்தக்காரருக்கும் நஷ்டமே என்பதை அவர்கள் உணர்வார்களாக. நான்காவது, சிறு கடைக்காரர்கள் ஒருவரையொருவர் அழிக்கும் போட்டியை விட்டு, கோயம்பேட்டில் ஒன்றாகச் சேர்ந்து சரக்குப் பிடிக்கும் கூட்டுறவு முறையைக் கைக்கொள்ள வேண்டும். ஒரு வண்டிக் கூலியைப் பத்துப் பேர் பங்கிட்டுக்கொண்டால், பெரிய கம்பெனியின் விலைக்கு அருகிலேனும் அவர்கள் விற்க முடியும்.

பொது ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. கணக்கு நோட்டில் எழுதி வாங்கிய பாக்கியைக் காலத்தில் செலுத்துங்கள். கையில் ரொக்கம் உள்ளபோது பெரிய கடைக்கும், இல்லாதபோது தெருமுனைக்கும் போவது நியாயமாகாது. தேசப் பணியில் ஈடுபட்ட தொண்டர்களுக்கு நாம் விசேஷமாகச் சொல்லுவது இதுவே. கடை திறப்பு விழாவுக்கு அழைத்தால் போங்கள், நாடாவையும் வெட்டுங்கள். ஆனால் உங்கள் தெருவில் ஒரு கடை மூடப்பட்டால், மறுநாளே அதன் சொந்தக்காரரைத் தேடிப் போய், என்ன வாடகை, எவ்வளவு முன்பணம், எத்தனை பாக்கி என்று விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நகராட்சியிலும் சட்டசபையிலும் பேசுங்கள். ஊரின் வளர்ச்சியை அளப்பதற்குப் புதுக் கடை வாசலில் கட்டிய வாழைமரங்களின் எண்ணிக்கை போதாது. மூன்றாம் வருஷத்திலும் விளக்கெரியும் கடைகள் எத்தனையென்று எண்ணிப் பார்க்க வேண்டும்.