மலையகச் சிறுகதையும் எழுத்தாளர் கூட்டுறவும்

சிறுகதை தனிமையிற் பிறப்பதாயினும் கூட்டத்திலேயே வளர்வது. கண்டிச் சீமையின் தேயிலைத் தோட்டங்களே இதற்குத் தக்க சான்று. அங்குள்ள தொழிலாளருட் பெரும்பான்மையோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமையையும், மறு ஆண்டில் வாக்குரிமையையும் இழந்தனர். பாராளுமன்றத்திற் குரலற்ற அம்மக்களின் பிள்ளைகள் கதையிற் பேசத் தொடங்கினர். லயக் காம்பராவின் ஓர் இரவு, பிரட்டுக்களத்தில் வீழும் ஒரு வசைமொழி. சிறுகதைக்கு இவை போதுமன்றோ! ஆயின், எழுதியதைப் படித்துத் தரங்காண்போர் வேண்டும். அக்குறையை மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தின் போட்டிகள் ஓரளவு தீர்த்தன. பரிசுக் கதைகளை வீரகேசரி 1971இல் ‘கதைக் கனிகள்’ என நூலாக்கிற்று. பின்னர் மாத்தளையில் மலரன்பன், வடிவேலன், சோமு ஆகிய மூவரின் கதைகள் ஒரே தொகுதியாய் 1980இல் ‘தோட்டக்காட்டினிலே’ என வெளிவந்தன.