லெய்டனில் கண்ட கடாரம்

ஐரோப்பா என்றதும் பாரிசும் இலண்டனும்தாம் நம் நினைவுக்கு வரும். 2018ஆம் ஆண்டில் எனக்கு வாய்த்த பயணமோ நெதர்லாந்தின் லெய்டன் என்னும் சிறு நகருக்கு. ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்திலிருந்து இரயிலில் இருபது நிமிடத்திற்குள் போய்விடலாம். அழகான ஊர் ஒன்றைப் பார்த்து வரலாம் என்றுதான் போனேன். ஆனால், கெடா மாநிலத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அங்கே வேறொன்று காத்திருந்தது.

முற்றுகையில் பிறந்த பல்கலைக்கழகம்

லெய்டன் கால்வாய்களின் நகரம். இருபுறமும் மரங்கள், பழைய செங்கல் வீடுகள், வளைந்த சிறு பாலங்கள், எங்கு திரும்பினாலும் மிதிவண்டிகள். அவற்றுள் ராப்பன்பர்க் கால்வாயின் கரையில்தான் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம் நிற்கிறது.

அப்பல்கலைக்கழகம் பிறந்த கதை சுவையானது. ஸ்பானியப் படை நகரை முற்றுகையிட்டு மக்களைப் பட்டினி போட்டது. அணைகளை உடைத்து வயல்வெளிகளை வெள்ளக்காடாக்கி, அதன்மேல் படகுகளில் வந்து நகரை மீட்டார்கள். அது 1574 அக்டோபர் 3. மறு ஆண்டே ஆரஞ்சு இளவரசர் வில்லியம் அங்கே பல்கலைக்கழகத்தை நிறுவினார். இன்றும் ஒவ்வோர் அக்டோபர் 3ஆம் நாளும் ஊர்மக்கள் ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் உண்டு அந்த மீட்பை நினைவுகூர்கிறார்கள்.

சுவரெல்லாம் கவிதை

என்னை மிகவும் கவர்ந்தவை சுவர்க் கவிதைகள். 1992இல் தொடங்கிய முயற்சி இது. நூற்றுக்கும் மேற்பட்ட கவிதைகளை அவரவர் மொழியிலேயே, அவரவர் எழுத்திலேயே வீட்டுச் சுவர்களில் தீட்டியிருக்கிறார்கள். இந்தோனேசியக் கவிஞர் கைரில் அன்வாரின் கவிதையும் உண்டு. மலாய் அறிந்த நமக்கு அதை வாசிப்பதில் சிரமமே இல்லை. தமிழ்க் கவிதை இருக்குமா என்று தெருத் தெருவாகத் தேடினேன். என் கண்ணில் படவில்லை. அந்த ஏக்கத்தோடுதான் மறுநாள் பல்கலைக்கழக நூலகத்திற்குப் போனேன்.

செப்பேடு சொல்லும் செய்தி

'லெய்டன் செப்பேடுகள்' எனப்படும் ஆனைமங்கலச் செப்பேடுகள் அப்போது அந்நூலகத்தின் பாதுகாப்பில் இருந்தன. மொத்தம் 21 ஏடுகள். ஒரு பெரிய வளையத்தில் கோக்கப்பட்டு, இராசேந்திர சோழனின் முத்திரையோடு ஏறத்தாழ 30 கிலோ எடை உள்ளவை. ஐந்து ஏடுகள் வடமொழியிலும் பதினாறு ஏடுகள் தமிழிலும் அமைந்தவை. 1658 முதல் நாகப்பட்டினம் டச்சுக்காரர்களின் வசம் இருந்தது என்பதை நினைத்தால், இவை அந்நாட்டை அடைந்ததில் வியப்பில்லை.

செய்தி இதுதான். கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் ஆண்ட மன்னன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்பினான். சிவபக்தனான இராசராச சோழன் ஏறத்தாழ 1006இல் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அந்த விகாரத்திற்கு அளித்தான். பெண் யானையை நடத்தி எல்லை வகுத்த செய்தியும் அதில் உண்டு. அந்தக் கொடை நிலைக்கும்படி அதைச் செம்பில் பொறிக்கச் செய்தவன் அவன் மகன் இராசேந்திரன். அதே இராசேந்திரன்தான் 1025இல் கடாரத்தின்மீது கடற்படை செலுத்தினான்.

பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகளைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தவன் நான். 'கடாரம் கொண்டான்' என்று மேடைகளில் முழங்கியும் இருக்கிறேன். படையெடுப்பைப் பெருமையாகச் சொன்ன எனக்கு, அதற்கு முன் இருந்த நட்பு தெரியவில்லை.

ஏடுகள் பொதுப் பார்வைக்கு இல்லை. படங்களை மட்டுமே பார்த்தேன். அதுவும் தமிழ்தான். ஆனால், என்னால் ஒரு வரியைக்கூட வாசிக்க முடியவில்லை. புள்ளி இல்லை, எழுத்தின் வடிவமும் வேறு. அச்சிட்ட பாடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் போராடியபின், கடாரத்து அரசனைக் குறிக்கும் சொல்லைக் கண்டுபிடித்தேன். என் ஊரின் பெயர், என் மொழியில். முந்தைய நாள் கைரில் அன்வாரைத் தடையின்றி வாசித்த எனக்கு என் தமிழை வாசிக்கத் துணை தேவைப்பட்டது.

தம்பி தங்கையரே, லெய்டனுக்குப் போக வாய்த்தால் அவசியம் போய் வாருங்கள். அதற்குமுன் நம் கழகத்தில் பழந்தமிழ் எழுத்துகளைப் பயிற்றும் ஒரு சிறு வகுப்பைத் தொடங்குங்கள். முதல் மாணவனாக நான் வருகிறேன்.