சூரியனுக்கு வழிவிடும் கொதிகலன்

மதுரைக்குத் தென்கிழக்கே கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. தெற்கே தூத்துக்குடியில், 210 மெகாவாட் அலகுகள் ஐந்துடன் அமைந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979-இல் ஓடத் தொடங்கியது. அதற்கான கரி ஒடிசாவிலிருந்து கப்பலேறி வருகிறது. பகலில் வெயில் மின்சாரம் பெருகும்போது அனல் அலகுகள் தணிய வேண்டும். பொழுது சாய்ந்ததும் மறுபடி ஏற வேண்டும். நிலக்கரி ஆராய்ச்சிக்கான அரசுப் பணம் முதலில் போக வேண்டிய இடம் இந்த ஏற்ற இறக்கம்தான்.

பெரும்பணமோ வேறு பக்கம் போகிறது. 2016 ஆகஸ்டில் 1,554 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம், பெல், என்டிபிசி மூன்றும் சேர்ந்து, ஏறத்தாழ 710 டிகிரி நீராவியில் இயங்கும் 800 மெகாவாட் நிலையத்துக்கான தொழில்நுட்பத்தை உருவாக்கும் திட்டம் அது. அதை வீண் என்று சொல்ல மாட்டேன். நீராவியின் வெப்பம் கூடினால் அதே மின்சாரத்துக்கு எரியும் கரி குறையும். அதற்காகப் பிறக்கும் உலோகக் கலவை அறிவு வேறு துறைகளுக்கும் பயன்படும். ஆனால் 2024 ஜனவரியில் கரியை வாயுவாக்கும் ஆலைகளுக்கு 8,500 கோடி ஊக்கத்தொகை அறிவித்தபோது, திருச்சியை யாராவது நினைத்தார்களா? பெல் அங்கே பல பத்தாண்டுகளுக்கு முன்பே 6.2 மெகாவாட் வாயுவாக்க மின்நிலையத்தைச் சோதித்தது. சாம்பல் மிகுந்த நம் கரியில் அது பெரிய மின்நிலையமாக வளரவில்லை.

தூத்துக்குடியில் உள்ளதைப் போன்ற பழைய அலகுகள் நாள் முழுவதும் ஒரே சீராக ஓடுவதற்காகக் கட்டப்பட்டவை. லோடு சட்டென்று ஏறினால் கொதிகலன் டிரம்மின் தடித்த சுவரில் உட்புறம் முதலில் சூடாகி விரியும், வெளிப்புறம் பின்தங்கும். தினமும் இப்படி இழுபட்டால் உலோகம் களைத்து விரிசல் காணும். லோடு மிகவும் இறங்கினாலோ தீ நிலைகொள்ளாது, எண்ணெய் எரித்துத் தாங்க வேண்டியிருக்கும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023 விதிகள் முழுத்திறனில் 40 சதவீதம் வரை தணியச் சொல்கின்றன. எந்த வேகத்தில் இறக்கினால் எந்தக் குழாய்க்கு எத்தனை ஆண்டு ஆயுள் என்பதை அலகு அலகாக அளந்தாக வேண்டும்.

விடைபெறப் போகும் கரிக்கு ஏன் செலவு என்று கேட்பது நியாயம். அனல் அலகு தணிய மறுத்தால் நிறுத்தப்படுவது வெயில் மின்சாரம்தான். ஆகவே இந்தச் செலவு சூரியனுக்கே போய்ச் சேரும். பேட்டரி விலை இறங்குவது உண்மை. மாலைநேரத் தேவை முழுவதையும் தாங்கும் அளவுக்கு அவை வரும்வரை கொதிகலன்கள் எரியத்தான் போகின்றன. தனியார் செய்யட்டும் என்றால், ஒரு நிலையத்தில் கண்ட விரிசலின் காரணம் மற்ற நிலையங்களுக்கும் பொதுவாகச் சென்று சேர்வதில் எந்த நிறுவனத்துக்கு லாபம்? பொதுப்பணத்துக்கு வேலை அங்கேதான் இருக்கிறது. அதனால் ஒரு நிபந்தனையும் வேண்டும்: தோல்வியடைந்த சோதனைகள் உட்பட எல்லா அளவீடுகளும், பொறியியல் கல்லூரி மாணவர் எவரும் எடுத்து ஆராயும்படி, வெளியாக வேண்டும்.