எறும்புக்குத் தெரிந்த வெளிச்சம்

ஒருநாள் மாலை வீடு திரும்பிய அப்பா, பெரிய செய்தி ஒன்று கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். மட்டக்குதிரை வாங்கித் தரப்போகிறார் என்று சிறுவன் ஜான் லப்பக் துள்ளினான். செய்தி வேறு: பக்கத்திலிருக்கும் டவுன் என்ற கிராமத்துக்கு சார்லஸ் டார்வின் குடிவருகிறார். பையனின் முகம் தொங்கிப்போனது. இது 1842-இல் நடந்தது.

அப்பா சர் ஜான் வில்லியம் லப்பக், பேரனெட் பட்டம் பெற்ற வங்கி முதலாளி. கடலின் ஏற்றவற்றத்தைக் கணக்கிட்ட கணித வல்லுநரும்கூட. ஆனாலும் மகனை ஈட்டன் பள்ளியிலிருந்து பாதியில் நிறுத்தி வங்கியில் உட்காரவைத்துவிட்டார். கல்லூரிப் பக்கமே போகாத பிள்ளைக்கு டார்வின்தான் குரு. நுண்ணோக்கி வாங்கிக் கொடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னவரும் அவரே.

1870-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரான லப்பக், அடுத்த ஆண்டே வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். உழைக்கும் மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். எனக்கென்னவோ, விடுமுறையைவிட அவருடைய எறும்புகள்தான் பெரிய விஷயம்.

இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய மண் பரப்பி எறும்புகளைக் குடிவைத்தார். தப்பி ஓடாமலிருக்கச் சுற்றிலும் தண்ணீர். ஒவ்வொன்றையும் அடையாளம் காண முதுகில் சாயப்பொட்டு. கூட்டின் மேல் வெளிச்சம் பட்டால் எறும்புகள் பதறிப்போய்க் கூட்டுப்புழுக்களைத் தூக்கிக்கொண்டு இருட்டைத் தேடும். இந்தப் பழக்கத்தையே லப்பக் அளவுகோலாக்கினார். முப்பட்டகத்தால் பிரித்த வண்ணங்களைக் கூட்டின் மீது விழச்செய்தார். எறும்புகள் ஊதாவிலிருந்து புழுக்களை அகற்றிச் சிவப்புப் பக்கம் கொண்டுபோயின. அதோடு நிற்கவில்லை. ஊதாவையும் தாண்டி, நம் கண்ணுக்கு வெறும் இருட்டாகத் தெரிந்த இடத்தையும் காலிசெய்தன!

பிறகு கார்பன் டைசல்பைடு என்ற திரவத்தைக் கூட்டின் மேல் வைத்தார். நமக்கு அது தண்ணீர்போலத் தெளிவு. ஆனால் புற ஊதாக் கதிர்களை விடாது. வெட்டவெளிச்சமாகத் தெரிந்த அதன் அடியில் எறும்புகள் நிம்மதியாகக் கூடின. நமக்கு இருண்டு தெரிந்த ஊதாக் கண்ணாடியின் அடியிலோ தங்க மறுத்தன. நாம் காணாத ஒளியை எறும்பு காண்கிறது என்பது இப்படித்தான் உறுதியானது. நம் விழித்திரைக்குக் கொஞ்சம் புற ஊதாவை உணரும் திறன் உண்டு. கண்ணின் லென்ஸ்தான் அதை உறிஞ்சி வழிமறிக்கிறது.

இன்னொரு சோதனை கொஞ்சம் விஷமமானது. எறும்புகளுக்குச் சாராயம் ஏற்றிக் கூட்டருகே போட்டார். நிதானமாயிருந்த எறும்புகள் தம் கூட்டத்துக் குடிகாரர்களில் பெரும்பாலோரை வீட்டுக்குச் சுமந்துபோயின. அந்நியக் குடிகாரர்களில் பலரைத் தண்ணீரில் தள்ளிவிட்டன. மயங்கிக் கிடப்பவர் சமிக்ஞை எதுவும் சொல்ல முடியாதல்லவா? அப்படியும் உறவு தெரிந்துவிட்டது. உடல்மேல் பூசியிருக்கும் வாசனைதான் அடையாளச்சீட்டு என்று பின்னாளில் தெரியவந்தது. லப்பக் வளர்த்த ராணி எறும்பு ஒன்று ஏறத்தாழ 15 ஆண்டுகள் வாழ்ந்தது.

1882-இல் பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டமும் லப்பக்கின் முயற்சியால் வந்தது. அதன் முதல் ஆய்வாளர் தொல்லியலாளர் பிட் ரிவர்ஸ். இரண்டே ஆண்டுகளில் அவருடைய மகள் ஆலிஸை, மனைவியை இழந்திருந்த லப்பக் மணந்துகொண்டார். 1900-இல் பிரபு பட்டம் கிடைத்தபோது, வீடு கட்ட விற்கப்படவிருந்த நிலத்தை வாங்கித் தான் காப்பாற்றிய கற்காலக் கல்வட்டம் இருக்கும் ஏவ்பரி ஊரின் பெயரையே சூட்டிக்கொண்டார்.

சரி, நம் கண்ணுக்குத் தெரியாத அந்தப் புற ஊதா ஒளி எறும்புகளுக்கு எதற்கு? சஹாராவின் பாலைவன எறும்பு, வானில் பரவும் புற ஊதா ஒளியின் அதிர்வுத் திசையைப் பார்த்தே கூட்டுக்கு நேர்வழியில் திரும்புகிறது.