தலைக்கு மேலே ஒட்டகம்

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், நார்மன் அரண்மனைக்குள் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. பெயர் கப்பெல்லா பலத்தினா. நுழைந்ததும் கண்ணை இழுப்பவை பொன் மொசைக்குகள்: இயேசு, தேவதூதர்கள், பேதுருவும் பவுலும். கழுத்தை நன்றாகச் சாய்த்து அண்ணாந்து பார்த்தால் வேறோர் உலகம். அங்கே இருவர் சதுரங்கம் ஆடுகிறார்கள். ஒருவர் இசைக்கருவியை மீட்டுகிறார், இன்னொருவர் கையில் மதுக்கோப்பை. ஒட்டகம் ஒன்று பல்லக்கைச் சுமந்து போகிறது. ஓரமெல்லாம் கூஃபிக் பாணி அரபு எழுத்து.

மசூதியாக இருந்து தேவாலயமாக மாறிய இடமோ என்று தோன்றலாம். இல்லை. 1130 கிறிஸ்துமஸ் நாளில் முடிசூடிய இரண்டாம் ரோஜர் மன்னர் தமக்காகப் புதிதாகக் கட்டிக்கொண்ட வழிபாட்டிடம் இது. பலெர்மோ 831-இல் முஸ்லிம்கள் வசமானது. 1072-இல் அதைக் கைப்பற்றியவர்கள் ரோஜரின் தந்தையும் பெரியப்பாவும். ஆட்சி மாறியது, ஆனால் அரபு மொழி அரண்மனையை விட்டுப் போகவில்லை.

அந்தக் கூரையின் பெயர் முகர்னாஸ். நம் பழைய வீடுகளில் விளக்கு வைக்கும் மாடக்குழியை நினைத்துக்கொள்ளுங்கள். அதுபோன்ற சின்னச் சின்னக் குழிவுகளை வரிசையாக அடுக்கி, கீழ்வரிசையைவிட மேல்வரிசை சற்று முன்தள்ளி வரும்படி ஏற்றிக்கொண்டே போனால், சுவர் எங்கே முடிந்தது, கூரை எங்கே தொடங்கியது என்றே தெரியாது. தேன்கூட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும். எகிப்து, ஈரான் பக்கம் இதைக் கல்லிலும் செங்கல்லிலும் சுதையிலும் செய்தார்கள். பலெர்மோவில் செய்தது மரத்தில். மெல்லிய பலகைத் துண்டுகளை இணைத்துக் கோத்த இந்த அடுக்குகள் மேலே உள்ள கூரையின் பாரத்தைத் தாங்குவதில்லை, தாங்குவதுபோல் நடிக்கின்றன. நடுவில் எட்டு முனை நட்சத்திரங்கள் இரண்டு வரிசையாக, மொத்தம் இருபது.

இந்தக் கூரை ஓவியங்களில் பல, தரையிலிருந்து பார்த்தால் புள்ளிபோலத்தான் தெரியும். யார் பார்க்க இவ்வளவு மெனக்கெட்டார்கள்? விருந்தும் இசையும் அன்றைய முஸ்லிம் அரசவைகள் விரும்பித் தீட்டிக்கொண்ட காட்சிகள். ஃபாத்திமியர் கால எகிப்தின் சாயல் அவற்றில் தெரிகிறது. ரோஜருக்கு அது மதச் சின்னமாகத் தோன்றியிருக்காது, ராஜகம்பீரமாகத் தோன்றியிருக்கும். அவருடைய சிவப்புப் பட்டு மேலங்கியிலேயே அரபு எழுத்துதான். அது இன்று வியன்னாவில் இருக்கிறது. சிற்றாலயத்தின் குவிமாடத்தை ஒட்டிய கிரேக்க வாசகம் 1143-ஐக் குறிக்கிறது. மொசைக் வேலை பைசாந்தியப் பாணி, கட்டடத்தின் நீண்ட அமைப்பு லத்தீன் பாணி, கூரை அரபுப் பாணி.

ரோஜர் ஒரு நீர்க்கடிகாரமும் செய்வித்தார். கடிகாரம் போய்விட்டது, அதற்கான கல்வெட்டு மட்டும் சிற்றாலயத்தின் அருகே சுவரில் பதிந்திருக்கிறது. மூன்று மொழிகள், மூன்று நாட்காட்டிகள். லத்தீனில் 1142. கிரேக்கத்தில், உலகம் படைக்கப்பட்டது முதல் எண்ணி, 6650. அரபியில் ஹிஜ்ரி 536.