மூல அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மலம் கழிக்க அஞ்ச வேண்டாம்

மூல நோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்புகிறவர்களிடம் நாம் அடிக்கடி காணும் ஒரு விஷயம் உண்டு. ஆபரேஷனைக்கூட தைரியமாகச் சந்தித்துவிடுவார்கள். அதற்குப் பின் முதன்முறையாக மலம் கழிக்கப் போவதை நினைத்துத்தான் நடுங்குவார்கள். "சாப்பிட்டால்தானே போக வேண்டியிருக்கும்" என்று இரண்டு வாய்க் கஞ்சியோடு நிறுத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். உணர்வு வந்தாலும் அடக்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். வெட்கத்தால் வீட்டில் உள்ளவர்களிடம்கூட இதைச் சொல்வதில்லை.

உண்மையில் இந்த அச்சம்தான் வலியைக் கூட்டுகிறது. கழிவில் உள்ள நீரை உறிஞ்சுவது பெருங்குடலின் வேலை. மலத்தை அடக்கி வைக்க வைக்க, அதிலுள்ள நீர் வற்றிக் கல்லாக இறுகும். பிறகு அது வெளியேறும்போது ஆறாத புண்ணை உரசும், முக்க வைக்கும், இரத்தமும் கசியும். அந்த வலிக்குப் பயந்து மறுநாளும் அடக்குவோம். இந்தச் சுழலில் சிக்காமல் இருப்பதுதான் குணமடைவதில் பாதி வேலை.

மலச்சிக்கல் ஏன் வருகிறது?

ஆபரேஷனுக்குப் பின் குடல் மந்தமாவது இயல்பு. மயக்க மருந்து, படுத்தே இருப்பது, குறைவாகச் சாப்பிடுவது எல்லாம் அதற்குக் காரணம். டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும் இரும்புச்சத்து மாத்திரைகளும் மலத்தை இறுக்கும். அதற்காக வலி மாத்திரையை நாமாக நிறுத்திவிடக் கூடாது. வலி இருந்தால் ஆசனவாய்த் தசை இன்னும் இறுகிக்கொள்ளும். மலத்தை இளக்கும் மருந்தையும் மருத்துவர் சேர்த்து எழுதியிருப்பார். லாக்டுலோஸ் சிரப், இசப்கோல் போன்றவை அந்த வகை. "இன்று போய்விட்டதே" என்று அதை மறுநாளே நிறுத்த வேண்டாம். எத்தனை நாள் எடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொதுவாக இரண்டு மூன்று நாட்களுக்குள் முதல் மலம் கழியும். மூன்று நாள் கடந்தும் போகவில்லை என்றால் மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள். எனிமா, ஆசனவாயில் வைக்கும் மாத்திரை போன்றவற்றை அவர் சொல்லாமல் பயன்படுத்தாதீர்கள். அங்கேதான் புண் இருக்கிறது.

உணவும் தண்ணீரும்

பட்டினி கிடக்காதீர்கள். கீரை, சுரைக்காய், பீர்க்கங்காய், அவரைக்காய், பப்பாளி, ஊறவைத்த உலர்ந்த அத்திப்பழம், திராட்சை, பேரீச்சம்பழம் இவையெல்லாம் நம் வீடுகளில் எளிதில் கிடைப்பவை. நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து என்பது பொதுவான இலக்கு. ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும் என்பதால், சில நாட்களில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

நார்ச்சத்துக்கு நீர் அவசியம். இசப்கோலை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் எடுத்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். மொத்தத்தில் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் குடிப்பது நல்லது. சிறுநீரக நோயோ இதய நோயோ உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். "ஆபரேஷன் உடம்பு, தண்ணீர் அதிகம் கொடுக்காதே" என்று பெரியவர்கள் சொல்லும் பத்தியம் இங்கே பொருந்தாது.

நலம் விசாரிக்க வருபவர்கள் அன்போடு பிரியாணியும் புரோட்டாவும் கொண்டுவருவார்கள். மைதா, அதிக இறைச்சி, காரம் மூன்றையும் சில வாரங்கள் தள்ளி வையுங்கள். அதே நேரம் பேதியாகும் அளவுக்கு மலமிளக்கி எடுப்பதும் கூடாது. அடிக்கடி நீராகப் போனாலும் புண் எரியும்.

கழிவறையில்

காலை உணவு உள்ளே போனதும் குடல் தானாக அசையத் தொடங்கும். சாப்பிட்டு இருபது முப்பது நிமிடத்தில் போய் உட்காருவதைப் பழக்கமாக்குங்கள். உணர்வு வந்தால் எந்த நேரமானாலும் தள்ளிப்போடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் வரவில்லை என்றால் எழுந்துவிடுங்கள், முக்க வேண்டாம். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால்களுக்குக் கீழே சிறிய முக்காலி ஒன்றை வைத்துச் சற்று முன்னால் சாய்ந்தால் எளிதாகக் கழியும். மூச்சைப் பிடிக்காமல் மெதுவாக வெளியே விடுங்கள்.

தண்ணீரால் சுத்தம் செய்யும் நம் வழக்கம் இந்தப் புண்ணுக்கு மிகவும் நல்லது. ஆனால் கை ஷவரை வேகமாக அடிக்காமல், மிதமாக ஊற்றிக் கழுவி, மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். சோப்பும் டெட்டாலும் வேண்டாம். பிறகு அகலமான டப்பில் பொறுக்கும் சூடான வெந்நீர் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் அதில் உட்காருங்கள். இறுகிய தசை தளர்ந்து வலி குறையும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். வெறும் வெந்நீரே போதும்.

தொழுகையும் நோன்பும்

நபித்தோழர் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூல நோய் இருந்தது. அவர் தொழுகையைப் பற்றிக் கேட்டபோது, நின்று தொழவும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழவும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. இந்த நோயாளிக்கென்றே சொல்லப்பட்ட சலுகை அது. உடலை வருத்திக்கொள்ளத் தேவையில்லை. கசிவு தொடர்ந்தால் உளூவை எப்படி அமைத்துக்கொள்வது என்று உங்கள் ஊர் ஆலிமிடம் தயங்காமல் கேளுங்கள். ரமளானில் ஆபரேஷன் செய்ய நேர்ந்தால், பகலில் தண்ணீர் இல்லாதது மலத்தை இறுக்கும். நோயாளி நோன்பை வேறு நாட்களில் நோற்கக் குர்ஆன் (2:185) அனுமதிக்கிறது.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டியவை

மலம் கழிக்கும்போது சில துளி இரத்தம் முதல் ஓரிரு வாரங்கள் வருவது இயல்பு. ஆனால் இரத்தம் நிற்காமல் வழிந்தாலோ, கட்டி கட்டியாக வந்தாலோ, தலைசுற்றல், காய்ச்சல், சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி, சிறுநீர் கழிக்க முடியாமை இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். ஒரு வாரம் கழித்தும் திடீரென இரத்தப்போக்கு வரலாம் என்பதை வீட்டிலுள்ளவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

தையல் போடாமல் திறந்து விடப்பட்ட புண் முழுமையாக ஆற நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகலாம். அதுவரை குடும்பத்தினர் பொறுமையாகத் துணை நிற்க வேண்டும். குறிப்பாக வீட்டுப் பெண்கள் இந்த வேதனையை மறைத்துக்கொண்டு சமையலறையில் நிற்பதுண்டு. "மலம் சிரமமில்லாமல் போகிறதா?" என்று நாமே கேட்டுவிட்டால் அவர்களின் பாதிச் சுமை இறங்கிவிடும். புண் ஆறிய பிறகும் கீரை, தண்ணீர், அடக்காமல் போவது ஆகிய மூன்றையும் விடாதீர்கள். பழைய பழக்கத்துக்குத் திரும்பினால் மூலமும் திரும்பி வரக்கூடும்.