வேலிக்கு இரு பக்கமும்

மூடுபனி என்றால் எனக்குக் கேமரன் மலைதான். கடற்கரையிலும் பல் கிட்டும் குளிரோடு அதைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போன செப்டம்பரில், காரில் சுமார் இரண்டு மணி நேரம் பயணம் செய்து பாயின்ட் ரேயஸ் தேசியக் கடற்கரைக்குச் சென்றோம். 1962இல் அதிபர் கென்னடி கையெழுத்திட்ட சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட நிலம் இது. வழிகாட்டியோடு டொமாலஸ் முனை வரை நடை. போக வர ஏறக்குறைய 15 கிலோமீட்டர். ஒரு பக்கம் பசிபிக் பெருங்கடல், மறுபக்கம் டொமாலஸ் விரிகுடா, நடுவே காற்றில் புரளும் புல்வெளி.

பாதை தொடங்கும் இடத்தில் வெள்ளையடித்த பழைய கொட்டகைகள் நிற்கின்றன. 1858இல் தொடங்கிய பியர்ஸ் பாயின்ட் பால் பண்ணை. இங்கே கடைந்த வெண்ணெய் படகேறி சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனதாம். அதற்கு முன் பல்லாயிரம் ஆண்டுகளாக இது கோஸ்ட் மீவோக் பழங்குடியினரின் மண்.

அரை மணி நேரம் நடந்திருப்போம். திடீரென ஒரு சத்தம். துருப்பிடித்த கதவைத் திறப்பது போலத் தொடங்கி, விசிலாக உயர்ந்தது. சத்தத்தை வைத்தே பிழைக்கும் எனக்கே அது புதிது. துணையைத் தேடும் ஆண் டூலி எல்க் மானின் குரல்!

கலிபோர்னியாவில் மட்டுமே வாழும் இந்த இனம் வேட்டையால் அழிந்தே போனதாக நினைத்திருந்தார்கள். மிஞ்சிய சில மான்கள் 1874இல் தென்பட்டது ஒரு மாட்டுப் பண்ணை முதலாளியின் நிலத்தில். அவர்தான் அவற்றைக் காப்பாற்றினார். 1978இல் பத்து மான்களை டொமாலஸ் முனையில் கொண்டுவந்து விட்டார்கள். மாடுகளின் மேய்ச்சல் நிலத்துக்குள் போகாதபடி வேலியும் போட்டார்கள். வறட்சி ஆண்டுகளில் அந்த வேலிக்குள் நூற்றுக்கணக்கான மான்கள் மடிந்தன. வழக்குகள் வந்தன. 2025 ஜனவரியில் உடன்பாடு ஏற்பட்டது: பெரும்பாலான பண்ணைகள் பணம் பெற்றுக்கொண்டு வெளியேறும்.

கைதட்டலாம் என்று தோன்றியது. அப்போது வழிகாட்டி சொன்னார்: “மாடு கறந்தவர்களும் போக வேண்டும். அவர்கள் இருப்பது பண்ணை வீட்டில்.”

பலர் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள். பிள்ளைகள் பக்கத்துப் பள்ளியில் படிக்கிறார்கள். வேலை போனால் வீடும் போகும். இது நமக்குத் தெரியாத கதையா? கெடாவில் என் தாத்தா பால்மரம் சீவிய தோட்டம் விற்கப்பட்டபோது, நிலத்துக்கு விலை பேசினார்கள். அங்கே பிறந்து வளர்ந்தவர்களிடம் கடைசியில்தான் பேசினார்கள்.

மான்களுக்கு அந்தப் புல்வெளி வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இயற்கையைக் காக்கும் கணக்கில், அங்கே உழைத்தவனின் வீட்டையும் முதல் வரியிலேயே எழுத வேண்டும்.

நீங்கள் போவதாக இருந்தால் குடிநீரும் குளிர்ச்சட்டையும் கட்டாயம். மான்களிடமிருந்து 90 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். திரும்பும்போது அந்தக் கொட்டகைகளின் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அங்கேயும் யாரோ விடியுமுன் எழுந்து பால் வாளியைத் தூக்கியிருக்கிறார்கள்.